ஏற்காட்டில் ஒரு காற்றூட்டத் தொட்டி: மூன்றாவது ப்ளோவர் ஏன் வாங்கப்படவில்லை

ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, சரிவில் அமைந்த எண்பது அறைத் தங்கும் விடுதி ஒன்றின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றியது இந்த ஆய்வு. நிலையத்திலிருந்து வெளியேறும் நீர் பல மாதங்களாகக் கலங்கலாகவே இருந்தது. ஆய்வக அறிக்கைகளில் பி.ஓ.டி. அளவு (நீரிலுள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்), மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் குறிக்கப்பட்டிருந்த லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரம்பைத் தாண்டிக்கொண்டே வந்தது. அம்மோனியாவும் முழுதாக நீங்கவில்லை. தொட்டிக்குள் காற்றைத் தள்ளும் ப்ளோவர்கள் இரண்டும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தும் நிலைமை இப்படி இருந்ததால், மூன்றாவதாக ஒரு ப்ளோவரை வாங்கிப் பொருத்துவதே வழி என்று விடுதி நிர்வாகத்துக்கு ஆலோசனை தரப்பட்டிருந்தது. வாங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லுமாறு கேட்டதன் பேரில் நிலையத்துக்குப் போனேன். காற்று குறைந்ததால் அங்குள்ள காற்றூட்டத் தொட்டி கெடவில்லை, மிகுந்ததால்தான் கெட்டிருந்தது என்பதை அளவீடுகள் எப்படிக் காட்டின, அதன் பிறகு என்ன செய்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இந்த நீர் எங்கே போகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சுத்திகரித்த நீரின் பெரும்பகுதி விடுதித் தோட்டத்துக்குப் பாய்கிறது. மழைக்காலத்தில் மண் ஈரமாகவே இருப்பதால் மிஞ்சுவது சரிவில் இறங்கி ஓடையைச் சேர்ந்துவிடுகிறது. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரைக் கடந்து காவிரியில் கலக்கும் ஆறு. நகருக்குள் அது படும் பாட்டைச் சேலத்துக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மலைமேல் உள்ள ஓடைகளாவது தெளிவாக இருக்க வேண்டும் என்ற அக்கறை இல்லாமல் இந்த நிலையத்தை நான் பார்க்கவில்லை.

நிலையத்தின் அமைப்பு

இது நீட்டித்த காற்றூட்ட முறையில், அதாவது நுண்ணுயிர்த் திரளான கசடு கழிவை உண்ணும்படி நீருக்கு நெடுநேரம் காற்றூட்டும் முறையில் இயங்கும் நிலையம். எண்ணெய் பிடிக்கும் தொட்டி, 30 கன மீட்டர் சமநிலைத் தொட்டி, 60 கன மீட்டர் காற்றூட்டத் தொட்டி, கசடு படியும் தெளிவிப்புத் தொட்டி, அதன் பின் மணல் வடிகட்டியும் கரி வடிகட்டியும் என்று வழக்கமான வரிசையில் அமைந்திருக்கிறது. காற்றூட்டத் தொட்டியில் நீரின் ஆழம் 3.5 மீட்டர், காற்றைச் சவ்வு வழியே சிறு குமிழிகளாக விடும் நுண்குமிழி டிஃப்யூசர்கள் நீர்மட்டத்திலிருந்து 3.2 மீட்டர் கீழே பதிக்கப்பட்டுள்ளன. மணிக்கு 120 கன மீட்டர் காற்றுத் தரும் ட்வின் லோப் ப்ளோவர்கள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 5 குதிரைத்திறன் மோட்டார். வடிவமைப்பின்படி ஒன்று ஓட வேண்டும், மற்றது மாற்றாக இருக்க வேண்டும்.

விடுதி நிரம்பிய நாளில் 60 கன மீட்டர் கழிவுநீர் வருகிறது. ஏற்காட்டின் எல்லா விடுதிகளையும் போல இதுவும் சனி ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும்தான் நிரம்புகிறது. மற்ற நாட்களில் வருவது 18 கன மீட்டர் அளவே. இந்த மூன்று மடங்கு ஏற்றத்தாழ்வுதான் இந்த நிலையத்தின் இயல்பு. ஆனால் காற்று மட்டும் திங்கள் காலையிலும் சனி இரவிலும் ஒரே அளவில் போய்க்கொண்டிருந்தது.

ஏன் இரண்டு ப்ளோவர்களும் ஒன்றாக ஓடுகின்றன என்று ஆபரேட்டரிடம் கேட்டேன். மலைக் கிராமத்திலிருந்து வேலைக்கு வரும், பொறுப்பான இளைஞர் அவர். "தண்ணி கலங்குச்சுன்னா காத்தக் கூட்டுன்னு சொல்லிட்டுப் போனாங்க சார். கூட்டியும் தெளியல, அதான் ரெண்டையும் விடாம ஓட்டறேனுங்க" என்றார். அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் ஒழுங்காகவே செய்திருந்தார்.

மலை என்பதால் காற்று போதவில்லையா

மூன்றாவது ப்ளோவருக்குச் சொல்லப்பட்ட காரணம், ஏற்காடு உயரத்தில் இருப்பதால் காற்று மெலிந்திருக்கிறது, ஆகவே சமவெளிக்குக் கணக்கிட்ட ப்ளோவர் இங்கே போதாது என்பது. கேட்பதற்கு இது நியாயமாகவே படும். அதனாலேயே இதைக் கணக்கிட்டுப் பார்க்காமல் விடக்கூடாது.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. காற்றழுத்தம் சேலத்தில் ஏறத்தாழ 98 கிலோபாஸ்கல், ஏற்காட்டில் 84 முதல் 85. நீரில் கரையக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு காற்றழுத்தத்தோடு சேர்ந்து குறையும் என்பது உண்மை. ஆனால் நீர் குளிர்ந்தால் அதே அளவு கூடும் என்பதும் உண்மை. கடல்மட்டத்தில் 30 பாகை நீரில் லிட்டருக்கு 7.6 மில்லிகிராமும், 20 பாகை நீரில் 9.1 மில்லிகிராமும் கரையும். சேலத்தின் 30 பாகைக் கழிவுநீரில் அழுத்தத் திருத்தத்துக்குப் பின் 7.3 வருகிறது, ஏற்காட்டின் 20 பாகைக் கழிவுநீரில் 7.6 வருகிறது. உயரத்தால் இழந்ததைக் குளிர் ஈடுசெய்துவிடுகிறது, சற்றுக் கூடுதலாகவே.

மிஞ்சுவது காற்றின் எடை. ட்வின் லோப் ப்ளோவர் ஒவ்வொரு சுழற்சியிலும் குறிப்பிட்ட கன அளவைத் தள்ளும் எந்திரம். அந்தக் கன அளவுக்குள் எவ்வளவு எடைக் காற்று இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சேலத்து வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.12 கிலோ எடை இருக்கும். ஏற்காட்டின் 20 பாகையில் 1 கிலோ இருக்கும். ஆக, உயரத்தால் உண்மையில் ஏற்படும் இழப்பு பத்தில் ஒரு பங்கு. இதற்காக ஒரு ப்ளோவரின் வேகத்தைச் சற்றுக் கூட்டலாமே தவிர, ஒன்று ஓட வேண்டிய இடத்தில் மூன்றை ஓட்டுவதற்கு இது காரணம் ஆகாது.

தேவையையும் கணக்கிட்டுப் பார்த்தோம். நிரம்பிய நாளில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் பி.ஓ.டி. வீதம் 18 கிலோ வருகிறது, கிலோவுக்கு 1.2 கிலோ ஆக்சிஜன் என்றால் 21.6 கிலோ. நுண்ணுயிர்கள் தங்கள் உடலுக்கு எடுத்துக்கொண்டது போக, லிட்டருக்கு 40 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற வேண்டும். ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் வீதம் 11 கிலோ. மொத்தம் 33 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தூய நீரில் நுண்குமிழி டிஃப்யூசர் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 6 சதவீதம் ஆக்சிஜனைக் கரைக்கும் என்று வைத்தால் 3.2 மீட்டருக்கு 19 சதவீதம். சோப்பும் கொழுப்பும் கலந்த கழிவுநீரில் அது பாதியாகிவிடும். தொட்டியில் ஏற்கனவே 2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும் என்பதையும் கழித்தால் 5.5 சதவீதம் தேறும். இதன்படி நிரம்பிய நாளுக்குத் தேவையான காற்று மணிக்குச் சுமார் 110 கன மீட்டர். ஒரு ப்ளோவரே 120 தருகிறது.

அளவீடுகள் சொன்னது

கரைந்த ஆக்சிஜன் மீட்டரைத் தொட்டியில் இறக்கியதுமே விடை பாதி கிடைத்துவிட்டது. வார நாட்களில் அளவு 6 மில்லிகிராமுக்கு மேல் நின்றது. நிரம்பிய சனிக்கிழமையன்றுகூட 4-க்குக் கீழே இறங்கவில்லை. இந்தக் கழிவுநீரில் கரையக்கூடிய உச்சமே 7.2 அளவுதான். ஆக்சிஜன் நீருக்குள் நுழையும் வேகம், உச்ச அளவுக்கும் இப்போதுள்ள அளவுக்கும் இடையிலான இடைவெளியைப் பொறுத்தது. 6-இல் நிற்கும் தொட்டியில் அந்த இடைவெளி 1.2, 1.5-இல் நிற்கும் தொட்டியில் 5.7. அதாவது, 1.5-இல் ஓட்டினால் அதே காற்று, அதே மின்சாரத்தில், ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆக்சிஜனைக் கரைத்துத் தந்திருக்கும். வார நாட்களில் இங்கே ப்ளோவர் தந்த காற்றில் பெரும்பகுதி குமிழியாகவே மேலே வந்து வெடித்துப் போய்க்கொண்டிருந்தது.

டிஃப்யூசர் அடைத்திருக்குமோ என்ற ஐயத்துக்கு அழுத்தமானி விடை சொன்னது. 3.2 மீட்டர் நீரின் எடைக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.32 கிலோ, குழாய்க்கும் சவ்வுக்கும் கொஞ்சம் என்று ஒரு ப்ளோவர் மட்டும் ஓடும்போது 0.38 கிலோ காட்டியது. சவ்வுகள் நன்றாகவே இருந்தன.

பிறகு, தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீரை எடுத்து அளவு ஜாடியில் அரைமணி நேரம் நிற்க விட்டோம். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. பத்து ஆய்வக அறிக்கைகள் சொல்லாததையும் இது சொல்லிவிடும். கசடு கடகடவென்று இறங்கி 290 மில்லிலிட்டரில் நின்றது. ஆனால் மேலே நின்ற நீர் தெளியவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தபோது, ஊசிமுனை அளவுத் துகள்கள் இறங்காமல் மிதந்துகொண்டிருந்தன. ஆய்வகத்தில் தொட்டியின் கசடுச் செறிவு லிட்டருக்கு 5,200 மில்லிகிராம் என்று வந்தது. ஒரு கிராம் கசடு படிந்தபின் எத்தனை மில்லிலிட்டர் இடம் பிடிக்கிறது என்று சொல்லும் கசடுக் கன அளவுக் குறியீடு, அதாவது எஸ்.வி.ஐ., 56 ஆகிறது. நல்ல கசட்டில் இது 80 முதல் 150 வரை இருக்கும். கனத்த, கிழடு தட்டிய கசடு; அதன் திரள்கள் உடைந்து துகள்களாகப் பிரிந்துகொண்டிருந்தன. கசட்டை வெளியேற்றி எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டதற்கு, அப்படி வெளியேற்ற வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை என்ற பதில் வந்தது.

இவற்றையெல்லாம்விட முக்கியமான எண் பி.எச். காட்டித் தாளில் வந்தது. காற்றூட்டத் தொட்டியின் பி.எச். 5.5 அளவில், அமிலப் பக்கம் இருந்தது. உள்ளே வரும் கழிவுநீரில் 7.2. இடையில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளக் அமிலத்தைச் சமன்செய்யும் காரத்தன்மையை அளந்தோம்: வரும் நீரில் லிட்டருக்கு 210 மில்லிகிராம், வெளியேறும் நீரில் 15-க்கும் குறைவு. வெளியேறும் நீரில் அம்மோனியா நைட்ரஜன் 14 மில்லிகிராம் மிஞ்சியிருந்தது. நைட்ரேட் நைட்ரஜன் 27.

ஏற்காட்டின் மென்னீர்

அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள், ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 7.14 கிராம் காரத்தன்மையைத் தின்றுவிடுகின்றன. 40 மில்லிகிராம் மாற வேண்டுமானால் 286 தேவை. இங்கே இருப்பதோ 210. சேர்வராயன் மலை சார்னகைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. அந்தப் பாறையிடுக்குகளிலிருந்தும் மேல்மண்ணிலிருந்தும் ஊறிவரும் நீரில் கரைந்த உப்புகள் குறைவு. குளிக்கும்போது சோப்பு நன்றாக நுரைக்கும் மென்மையான நீர். வரும் காரத்தன்மை முழுவதும் தீர்ந்ததும், 28 அல்லது 29 மில்லிகிராமோடு நைட்ரேட்டாக்கம் நின்றுவிடும் என்று கணக்குச் சொல்கிறது. அளந்தது 27. பி.எச். 6.8-க்குக் கீழே இறங்கினாலே இந்த பாக்டீரியாக்கள் தளரத் தொடங்கும். 6-க்குக் கீழே ஏறக்குறைய வேலை நிறுத்தம்தான். மிஞ்சிய 14 மில்லிகிராம் அம்மோனியா, காற்றுக்காகக் காத்திருக்கவில்லை. காரத்தன்மைக்காகக் காத்திருந்தது.

சமவெளியில் பழகியவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சேலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்குகிறது. பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் விழும் கடின நீர். அங்கே கழிவுநீரின் காரத்தன்மை 300-க்கு மேல் இருப்பது சாதாரணம். அங்கே ஒருவர் அளவுக்கு மீறிக் காற்றை விட்டாலும் மின்கட்டணம்தான் ஏறும், பி.எச். இந்த அளவுக்கு இறங்காது, அம்மோனியாவும் பெரும்பாலும் நீங்கிவிடும். அந்த அனுபவத்தில் பிறந்த 'கலங்கினால் காற்றைக் கூட்டு' என்ற விதியை இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவந்து அப்படியே வைத்ததால்தான் இந்த நிலையம் கெட்டது. வெறும் வயிற்றில் வேலை செய்பவனை இன்னும் வேகமாக ஓடு என்று விரட்டியதற்கு ஒப்பானது இது. காற்று கூடக்கூட நைட்ரேட்டாக்கம் கிடைத்த காரத்தன்மையை விரைவாகத் தீர்த்தது, பி.எச். இறங்கியதும் கசடுத் திரள்கள் உடைந்தன. அதிகக் காற்றின் கொந்தளிப்பு உடைந்ததை மேலும் நொறுக்கியது. துகள்கள் மணல் வடிகட்டியை அடைத்தன. வடிகட்டியைக் கழுவிய நீர் திரும்பச் சமநிலைத் தொட்டிக்கே வந்தது. கலங்கலைக் கண்டு மறுபடியும் காற்றைக் கூட்டினார்கள்.

பி.ஓ.டி. அறிக்கையிலும் இதே அம்மோனியா ஒளிந்திருந்தது. நம் ஆய்வகங்களில் பி.ஓ.டி. என்பது 27 பாகையில் 3 நாள் வைத்து அளக்கப்படுகிறது. மாதிரியில் அம்மோனியாவும் அதை உண்ணும் பாக்டீரியாவும் சேர்ந்தே இருந்தால், புட்டிக்குள் நடக்கும் நைட்ரேட்டாக்கமும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு பி.ஓ.டி. எண்ணை உயர்த்திக் காட்டும். நைட்ரேட்டாக்கத்தைத் தடுக்கும் மருந்து சேர்த்து ஒருமுறை சோதிக்கச் சொன்னபோது எண் கணிசமாகக் குறைந்தது. அரைகுறையாக நின்றுபோன நைட்ரேட்டாக்கம் உள்ள எந்த நிலையத்திலும் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

செய்த மாற்றங்கள்

முதலில் செய்தது காற்றை நிறுத்தியதுதான். முழுதாக அல்ல, இடைவெளி விட்டு. காற்று நின்று, கரைந்த ஆக்சிஜன் தீர்ந்ததும், கசட்டில் உள்ள வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துப் பி.ஓ.டி.யை உண்ணத் தொடங்கும். நைட்ரஜன் வாயுவாகி வெளியேறும். ஒரு கிராம் நைட்ரேட் நைட்ரஜன் நீங்கும்போது 2.86 கிராம் ஆக்சிஜனும் 3.57 கிராம் காரத்தன்மையும் நமக்குத் திரும்பக் கிடைக்கின்றன. நைட்ரேட்டாக்கத்தில் செலவழித்த காரத்தன்மையில் பாதியும், ஆக்சிஜனில் பாதிக்கு மேலும் மீள்கின்றன என்று பொருள். மாறும் 40-இல் 34 மில்லிகிராம் நைட்ரேட் நைட்ரஜன் நீங்கினால் 121 மில்லிகிராம் காரத்தன்மை திரும்பும். 210-இல் 286 கழித்து 121 கூட்டினால் 45 மிஞ்சும். பற்றாக்குறை தீர்ந்து கையிருப்பு வந்துவிடுகிறது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. காற்று நின்ற நேரத்தில் பாக்டீரியாவுக்கு உணவு வேண்டும். இங்கே முன்பு சமநிலைத் தொட்டியின் பம்ப், மட்டம் ஏறும்போதெல்லாம் தன்போக்கில் ஓடியது. அதை டைமரோடு இணைத்து, காற்று நிற்கும் நேரத்திலேயே புதிய கழிவுநீர் உள்ளே வரும்படி மாற்றினோம். கழிவுநீரின் பி.ஓ.டி.யைக் காற்றால் எரிப்பதற்கு முன் நைட்ரேட்டால் எரிக்க விடுவது என்பதுதான் இதன் கருத்து. டைமரை மட்டும் வைத்துவிட்டு இந்த இணைப்பை விட்டுவிடும் நிலையங்களில் மின்சாரம் குறையும், நைட்ரேட் அவ்வளவாகக் குறையாது.

வார நாட்களுக்கு 30 நிமிடம் ஓட்டம், 60 நிமிடம் நிறுத்தம். நாளுக்கு 8 மணி நேர ஓட்டம். ஒரு மணி நேரம் முழுக்க நிறுத்தினால் கசடு அடியில் படிந்து, மேலே வரும் உணவைத் தொடாமலே கிடக்கும். ஆகவே நிறுத்தத்தின் நடுவில் 2 நிமிடம் மட்டும் ப்ளோவர் ஓடி, கசட்டைக் கிளறிவிட்டு நிற்கிறது. இவ்வளவு குறுகிய ஓட்டத்தில் ஆக்சிஜன் மட்டம் உயர்ந்து நிற்பதில்லை. இந்தத் தொட்டிக்கு இதுவே போதுமானதாக இருந்ததால், கலக்கி தனியாக வாங்கவில்லை. விடுதி நிரம்பும் நாட்களுக்கு 90 நிமிட ஓட்டம், 30 நிமிட நிறுத்தம். 18 மணி நேரம். அடிக்கடி நின்று ஓடுவதால் மோட்டார் கெடாமலிருக்க, மெதுவாக வேகமெடுக்கும்படி, மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. என்னும் கருவியைப் பொருத்தினோம். லோப் ப்ளோவரின் வேகத்தை வி.எஃப்.டி.யால் ஓரளவுக்கு மேல் குறைக்கக்கூடாது. காற்று குறைந்தால் எந்திரம் தன் சூட்டிலேயே காய்ந்துவிடும் என்பதால், குறைப்பதைவிட நிறுத்துவதே இங்கே பொருத்தமாயிற்று. ஒரு நேரத்தில் ஒரு ப்ளோவர்தான் ஓடும். இரண்டும் மாறி மாறி.

சமநிலைத் தொட்டிக்கும் அதே ப்ளோவரிலிருந்துதான் ஒரு கிளைக்குழாய் போயிற்று. பின்னிரவில் அந்தத் தொட்டியின் மட்டம் இறங்கியதும், ஆழம் குறைந்த பக்கமே எளிய வழி என்று காற்றெல்லாம் அங்கே ஓடிவிடும். காற்றூட்டத் தொட்டியின் மேற்பரப்பில் குமிழிகள் சோர்ந்து போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தக் கிளையை அடைத்துவிட்டு, சமநிலைத் தொட்டிக்கென ஒரு குதிரைத்திறன் ப்ளோவரை வைத்து, மணிக்குக் கால்மணி நேரம் மட்டும் ஓட விட்டோம். நிர்வாகம் புதிதாக வாங்கிய ஒரே ப்ளோவர் அதுதான்.

கசடு விஷயத்தில் பொறுமை தேவைப்பட்டது. 5,200-லிருந்து ஒரேயடியாக இறக்கினால் மெதுவாக வளரும் நைட்ரேட்டாக்க பாக்டீரியாக்களையும் சேர்த்து வெளியே கொட்டிவிடுவோம். மலையின் குளிரில் அவை சமவெளியில் வளரும் வேகத்தில் வளர்வதில்லை. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் இந்த முறையைக் கண்டபோது, கசடில்லாத கழிவுநீர் முழுதாக நைட்ரேட்டாக மாற ஐந்து வாரம் பிடித்தது. அதே கசட்டை வைத்துக்கொண்டு புதிய நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றியபோது, கடைசியில் ஒரு நாளுக்குள் முடிந்தது. வைத்துக்கொள்ளும் கசடுதான் இந்த முறையின் உயிர். ஆனால் அதை வயது பார்க்காமல் வைத்துக்கொண்டே இருந்தால், கசடே தன்னைத் தின்று ஆக்சிஜனைச் செலவழிக்கும். இந்த விடுதியின் வாரச் சராசரிச் சுமைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ புதிய கசடு விளைகிறது. தொட்டியில் 2,500 மில்லிகிராம் செறிவு, அதாவது 150 கிலோ இருந்தால், கசட்டின் வயது 30 நாள். குளிர்காலத்துக்கும் அது போதும். அந்த அளவை அடையும் வரை நாளுக்கு ஒரு கன மீட்டருக்கு மேலும், பிறகு சுமார் 700 லிட்டரும் தெளிவிப்புத் தொட்டியிலிருந்து காற்றூட்டத் தொட்டிக்குத் திரும்பும் கசட்டிலிருந்து உலர்த்தும் படுகைக்கு எடுத்தோம்.

பி.எச். தானாக மீளும்வரை காத்திராமல், தொடக்கத்தில் சோடியம் பைகார்பனேட் சேர்த்து 7-க்குக் கொண்டுவந்தோம். சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் கை தவறினால் பி.எச். சட்டென்று எகிறிவிடும், டிஃப்யூசர் சவ்விலும் படியும். பைகார்பனேட்டில் அந்த ஆபத்து இல்லை. கணக்கில் மிஞ்சும் 45 மில்லிகிராம் கையிருப்பு போதாது, 80 வேண்டும் என்பதால் இப்போதும் வார நாளில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவும், நிரம்பிய நாளில் 4 கிலோ அளவிலும் சமநிலைத் தொட்டியில் கரைத்து விடுகிறார்கள்.

விளைவும் மிஞ்சிய வேலையும்

முதலில் மாறியது பி.எச். அடுத்து ஜாடி. மேலே நின்ற நீரில் ஊசித் துகள்கள் குறைந்து, கசடு முன்னைவிட நிதானமாக, பஞ்சுத் திரளாகக் கூடி இறங்கத் தொடங்கியது, எஸ்.வி.ஐ. 100-ஐ ஒட்டி வந்தது. அம்மோனியா கடைசியாகத்தான் இறங்கியது. நைட்ரேட்டாக்க பாக்டீரியாக்கள் மீண்டும் பெருக வாரக்கணக்கில் ஆகும் என்பதை நிர்வாகத்துக்கு முன்கூட்டியே சொல்லியிருந்ததால், இடையில் யாரும் ப்ளோவரைக் கூட்டச் சொல்லவில்லை. இந்த முன்னறிவிப்பைத் தராமல் போனால், சரியாகிக்கொண்டிருக்கும் தொட்டியைப் பாதி வழியில் கலைத்துவிடுவார்கள். இப்போது வெளியேறும் நீரில் அம்மோனியா நைட்ரஜன் 3 மில்லிகிராமுக்குக் கீழேயும், பி.ஓ.டி. இசைவாணை வரம்புக்குள்ளும் இருக்கின்றன. மணல் வடிகட்டியைக் கழுவுவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

மின்சாரத்தில், ஒரு ப்ளோவர் 2.6 கிலோவாட் இழுக்கிறது. இரண்டும் இடைவிடாமல் ஓடியபோது வாரத்துக்குச் சுமார் 870 யூனிட் ஆயிற்று. இப்போதைய ஓட்டத்துக்கும் கிளறல்களுக்கும் 205, சமநிலைத் தொட்டியின் சிறு ப்ளோவருக்கு 30. ஆக 235 யூனிட். ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு மற்ற நிலையங்களுக்கும் இதே சேமிப்பு வரும் என்று யாரும் எண்ணக்கூடாது. இங்கே தேவைக்கு மேல் மிக அதிகமாக ஓடிக்கொண்டிருந்தது. வார நாளும் வார இறுதியும் இவ்வளவு மாறுபடும் இடமும் இது. சேலத்தில் ஆண்டு முழுதும் ஒரே சீராக மக்கள் வாழும் குடியிருப்பில், இதில் ஒரு பகுதிதான் கிடைக்கும்.

ஆபரேட்டரின் குறிப்பேட்டில் முன்பு ப்ளோவர் ஓடிய மணிக்கணக்கு மட்டுமே இருந்தது. இப்போது ஓட்டம் முடியும் தறுவாயில் கரைந்த ஆக்சிஜன், காலை பி.எச்., ஜாடியின் அரைமணி அளவு, எடுத்த கசடு ஆகியவற்றை எழுதுகிறார். ஓட்டத்தின் முடிவில் ஆக்சிஜன் 2-ஐத் தாண்டினால் ஓட்டத்தை 5 நிமிடம் குறைக்கிறார். 1-ஐத் தொடாவிட்டால் 5 நிமிடம் கூட்டுகிறார். ஒருமுறை பி.எச். 6.6-க்கு இறங்கியதைக் கண்டு, யாரையும் கேட்காமல், காற்றைக் கூட்டாமல், நிறுத்த நேரத்தை நீட்டியிருந்தார். சரியான முடிவு அது.

மே மாதக் கோடை விழாவின்போது விடுதி நாள்கணக்கில் தொடர்ந்து நிரம்பியிருக்கும். 90க்கு 30 என்ற சுழற்சி அப்போது போதாமல், 105 நிமிட ஓட்டமும் 15 நிமிட நிறுத்தமும் தேவைப்படலாம். நிறுத்தம் குறைந்தால் நைட்ரேட் நீக்கமும் குறையும் என்பதால், அந்த நாட்களில் பைகார்பனேட்டைப் பி.எச். பார்த்து 8 கிலோ வரை கூட்ட வேண்டியிருக்கும். ஓட்டத்தின் முடிவில் ஆக்சிஜன் 1-ஐ எட்டவே இல்லையென்றால் மட்டும், அதுவும் அந்த மணி நேரங்களுக்கு மட்டும், இரண்டாவது ப்ளோவரைச் சேர்த்து ஓட்டலாம்.

உலர்த்தும் படுகைதான் இன்னும் சரியாகவில்லை. ஐப்பசி கார்த்திகையில் ஏற்காட்டில் மூடுபனியும் மழையும் மாறி மாறி இருக்கையில் திறந்த படுகையில் கசடு உலர்வதே இல்லை. படுகை நிரம்பியதும் கசடு எடுப்பது நின்று, தொட்டியில் செறிவு மறுபடி 4,000-ஐ நோக்கி ஏறுகிறது. ஒளி ஊடுருவும் தகட்டால் கூரை போட்டு, நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்து விடுவதற்கான மதிப்பீட்டைக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது ப்ளோவருக்கென ஒதுக்கியிருந்த தொகையிலிருந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக அந்தக் கூரையைப் போட்டுவிட நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது.